பெயர் மட்டும்தான் மாறுகிறது

“திரையில் தெரியும் பெயர் மட்டும் மாறுகிறது. செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை.” ரிவியூவுக்கு வரும் ஒரு மாற்றத்தின் குறிப்பில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால், மற்றதை ஒதுக்கிவிட்டு அதை முதலில் திறப்பேன். எழுதியவர் பொய் சொல்கிறார் என்ற சந்தேகம் இல்லை. அவர் அதை மனதார நம்புகிறார், அதுதான் காரணம். நம்பிக்கை இருந்த இடத்தில் அவர் தேடியிருக்க மாட்டார். அங்கேதான் ரிவியூ செய்பவன் தேட வேண்டும்.

நான் வேலை செய்வது சர்வர்களின் ஃபர்ம்வேரில். பொத்தானை அழுத்தியதிலிருந்து இயங்குதளம் பொறுப்பேற்கும்வரை நடப்பதெல்லாம் எங்கள் கணக்கு. மெமரியை எழுப்புவது, பி.சி.ஐ. சாதனங்களைக் கண்டுபிடிப்பது என்று பெரிய வேலைகள் அதில் உண்டு. அவற்றில் பிழை நேர்ந்தால் இயந்திரம் எழாது, உடனே தெரிந்துவிடும். பூட் வரிசை அப்படிப்பட்டதல்ல. எந்தச் சாதனத்தில் முதலில் இயங்குதளத்தைத் தேடுவது என்று சொல்லும் அந்தச் சின்னப் பட்டியலில் பிழை நேர்ந்தால் இயந்திரம் நன்றாகவே எழும். வேறு எதிலிருந்தோ எழும்.

மேற்படி வரியோடு வந்த மாற்றம் ஒரே கோப்பில், ஒரு திரைக்குள் அடங்கியது. தேவையும் நியாயமானதே. எங்கள் சர்வரின் முன்பக்கத்தில் என்விஎம்இ டிஸ்க்குகள் வரிசையாகச் செருகியிருக்கும். பூட் பட்டியலில் ஒவ்வொன்றும் அதன் மாடல் பெயரோடும் தயாரிப்பு வரிசை எண்ணோடும் தெரியும். எல்லாம் ஒரே மாடல். வித்தியாசம் நீண்ட எண்ணின் கடைசி எழுத்துகளில் மட்டும். டேட்டா சென்டரில் இரவுப் பணியில் நிற்கும் டெக்னீஷியனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது எந்த ஸ்லாட் என்பது. டிஸ்க்கை உருவி ஒட்டுச்சீட்டைப் படித்தால்தான் தெரியும் என்ற நிலை. ஆகவே பெயருக்கு முன்னால் ஸ்லாட் எண்ணைச் சேர்த்துவிடலாம் என்று எங்கள் சென்னை அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எழுதி அனுப்பியிருந்தார். சுத்தமான நிரல். ஒதுக்கிய மெமரியை ஒழுங்காக விடுவித்திருந்தார். எழுத்துச்சரத்தின் நீளத்தைச் சரிபார்த்திருந்தார். ஸ்லாட் எண் கிடைக்காத சாதனத்துக்குப் பழைய பெயரையே விட்டிருந்தார். வரி வரியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பூட் வரிசைக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் பயனர் அமைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஃபிளாப்பி இருந்தால் அதிலிருந்து எழும். இல்லாவிட்டால் ரோமில் பதிந்திருந்த பேசிக் மொழி திரையில் வந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க் வந்த பிறகும் முதலிடம் ஃபிளாப்பிக்கே. அந்த முதலிடத்தைத்தான் பூட் செக்டர் வைரஸ்கள் பிடித்துக்கொண்டன. 1986இல் லாகூரிலிருந்து கிளம்பிய ‘பிரெய்ன்’ அந்த வகை. மார்ச் 6 வந்தால் டிஸ்க்கை அழிக்கும் என்று 1992இல் செய்தித்தாள்களைக் கலக்கிய ‘மைக்கேலாஞ்சலோ’வும் அதே வகை. டிரைவில் மறந்துவிட்ட ஒரு ஃபிளாப்பி போதும். பயாஸ் திரையில் ‘ஏ, சி’ என்றிருப்பதை ‘சி, ஏ’ என்று மாற்றிவிடச் சொல்லி அந்நாளில் கணினி மையங்களில் அறிவுரை தருவார்கள். 1996இல் காம்பாக், ஃபீனிக்ஸ், இன்டெல் மூன்றும் சேர்ந்து பயாஸ் பூட் விவரக்குறிப்பை வெளியிட்டன. பலவகைச் சாதனங்களை ஒரே வரிசையில் நிறுத்தும் முறை அதில்தான் ஒழுங்காக எழுத்துக்கு வந்தது.

இப்போது யு.இ.எஃப்.ஐ. காலம். வரிசை மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்பில் இரண்டு அடுக்காக உட்கார்ந்திருக்கிறது. ‘பூட்0000’, ‘பூட்0001’ என்று நான்கிலக்க எண்ணோடு ஒவ்வொரு பூட் வழிக்கும் ஒரு பதிவு. அதற்குள் ஒரு பெயர், சாதனத்துக்குப் போகும் பாதை, சில குறிகள், கூடுதல் தரவுக்கு ஓரிடம். இவற்றுக்கு மேலே ‘பூட்ஆர்டர்’ என்று ஒரே ஒரு வேரியபிள். அதில் வெறும் எண்கள், முயல வேண்டிய வரிசைப்படி. அடுத்த ஒரு முறைக்கு மட்டும் வேறு வழியில் எழ வேண்டுமென்றால் அதற்கு ‘பூட்நெக்ஸ்ட்’. எனக்குப் பிடித்த அமைப்பு இது. ராஸ்பெர்ரி பை 4இல் இதே வேலையைச் செய்யும் எண்ணைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதில் ‘எஃப்41’ என்று ஒரு ஹெக்ஸாடெசிமல் எண் இருக்கும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1 எஸ்.டி. கார்டு, 4 யு.எஸ்.பி., எஃப் என்றால் மறுபடி முதலிலிருந்து. முதன்முறை பார்ப்பவர் தலைகீழாகவே படிப்பார்.

யு.இ.எஃப்.ஐ.யில் தகராறு வருவது, பூட்ஆர்டரை எழுதும் கைகள் பல என்பதால். அமைப்புத் திரையில் உட்கார்ந்து மேலே கீழே நகர்த்தும் மனிதர் ஒருவர். இயங்குதளத்தின் நிறுவி இன்னொருவர்; லினக்ஸில் ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ கருவியால் புதுப் பதிவு உருவாக்கினால் அது வழக்கமாக வரிசையின் தலையிலேயே போய் நிற்கும். சர்வர்களில் பி.எம்.சி. என்ற மேலாண்மைச் சிப் மூன்றாவது ஆள். தொலைவில் இருக்கும் நிர்வாகி ஐ.பி.எம்.ஐ. வழியாகவோ ரெட்ஃபிஷ் வழியாகவோ ‘இந்த ஒருமுறை நெட்வொர்க்கிலிருந்து எழு’ என்று அதனிடம் சொல்லுவார். நான்காவது ஆள் ஃபர்ம்வேர். புதிதாக ஒரு சாதனம் தென்பட்டால் பட்டியலில் சேர்க்க வேண்டும், போய்விட்டால் எடுக்க வேண்டும் என்ற கடமை அதற்கு. இந்த நால்வரில் மற்ற மூவரும் தெரிந்தே ஒரு முடிவோடு எழுதுகிறார்கள். ஃபர்ம்வேர் மட்டும் ஒழுங்குபடுத்துகிறேன் என்று எழுதுகிறது. அதனால் பூட் வரிசையைத் தொடும் எந்த மாற்றம் வந்தாலும் நான் முதலில் கேட்பது: ஏற்கெனவே ஒருவர் முடிவு செய்து வைத்த வரிசை இதற்குப் பிறகு அப்படியே இருக்குமா? கேள்வி எளிது. பதில் மட்டும் மாற்றப்பட்ட வரிகளுக்குள் கிடைப்பதே இல்லை.

எங்கள் ஃபர்ம்வேரின் அடித்தளம் ஈ.டி.கே. 2 என்ற திறந்த நிரல். இன்டெல் 2004இல் டியானோகோர் திட்டமாக வெளியே விட்டதன் வழிவந்தது. இன்று விற்கும் பி.சி., சர்வர்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இதன் ஏதோ ஒரு வடிவம் ஓடுகிறது. அதில் பூட் பதிவுகளைப் புதுப்பிக்கும் ஒரு செயல்கூறு உண்டு. எங்கள் இயந்திரத்தில் ஒவ்வொரு முறை எழும்போதும் அதை அழைக்கிறோம். முதலில் இப்போது இருக்கும் சாதனங்களை எல்லாம் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவை மனதுக்குள் தயாரிக்கும். பிறகு ஃபிளாஷில் இருக்கும் பழைய பதிவுகளை எடுத்துப் பார்க்கும். நிறுவியோ மனிதரோ உண்டாக்கியவற்றைத் தொடாது. தானே உண்டாக்கியவற்றில் கூடுதல் தரவு இடத்தில் ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கும். அந்த முத்திரை உள்ளவற்றை மட்டும் புதிய பட்டியலோடு ஒப்பிடும். புதிய பட்டியலில் இணை இல்லாத பழையதை அழிக்கும். பழைய பட்டியலில் இணை இல்லாத புதியதைச் சேர்க்கும். சேர்ப்பது எப்போதும் வரிசையின் கடைசியில். ரேஷன் கடை வரிசையில் நின்றவர் டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் என்ன ஆகுமோ அதே கதைதான்: டிஸ்க்கைக் கழற்றி, ஒருமுறை எழுப்பி, மறுபடி செருகி எழுப்பினால், முதலிடத்தில் இருந்த டிஸ்க் கடைசியில் நிற்கும்.

இதுவரை எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது ‘இணை’ என்று எதை வைத்துச் சொல்கிறது என்பதை. ஒப்பிடும் செயல்கூற்றைத் திறந்து படித்தால் வகை, குறிகள், பெயர், பாதை, கூடுதல் தரவு அத்தனையும் ஒத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆம், பெயரும்தான். எழுத்துக்கு எழுத்து.

இப்போது அந்த மாற்றத்தை மறுபடி படியுங்கள். களத்தில் ஓடும் ஒரு சர்வரில் புதிய ஃபர்ம்வேர் ஏறுகிறது. முதல்முறை எழும்போது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஸ்லாட் எண்ணோடு கூடிய புதுப்பெயர் தயாராகிறது. ஃபிளாஷில் இருப்பதோ பழைய பெயர். இணை இல்லை. ஆகவே தானாக உண்டான எல்லா டிஸ்க் பதிவுகளும் அழிகின்றன. அதே டிஸ்க்குகள் புதுப்பெயரோடு வரிசையின் கடைசியில் சேர்கின்றன. நெட்வொர்க் பதிவுகளின் பெயர் மாறவில்லை, அவை இருந்த இடத்திலேயே இருக்கும். டிஸ்க் முதலில், நெட்வொர்க் அடுத்து என்று வைத்திருந்த இயந்திரம், யாரும் எதையும் தொடாமலேயே நெட்வொர்க் முதலில் என்று ஆகிவிடுகிறது.

எல்லாச் சர்வர்களுக்கும் இந்தக் கதி இல்லை. முறையாக நிறுவிய இயங்குதளம் தனக்கென்று ஒரு பதிவை உண்டாக்கியிருக்கும், அதில் எங்கள் முத்திரை இல்லாததால் தப்பிக்கும். மாட்டிக்கொள்வது படியெடுத்து நிறுவியவை. ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் தயார்செய்து அதை நூற்றுக்கணக்கில் படியெடுத்துச் செருகுவது பெரிய இடங்களில் சாதாரணம். படியெடுத்தால் டிஸ்க்கில் இருப்பது வரும், மதர்போர்டின் ஃபிளாஷில் இருப்பது வராது. அந்த இயந்திரங்களில் நிறுவி உண்டாக்கிய பதிவே கிடையாது. டிஸ்க்கின் பூட் ஃபோல்டரில் நிலையான பெயரில் இருக்கும் கோப்பை ஃபர்ம்வேர் தானே கண்டுபிடித்து எழுகிறது. அதாவது அவை முழுக்க முழுக்கத் தானாக உண்டான பதிவையே நம்பியிருக்கின்றன.

நெட்வொர்க் முதலில் வந்தால் என்ன? பதில் சொல்ல ஆளில்லாத நெட்வொர்க்கில், ஒவ்வொரு போர்ட்டிலும் ஐபிவி4க்கு ஒருமுறை, ஐபிவி6க்கு ஒருமுறை என்று காத்திருந்து கடைசியில் டிஸ்க்குக்கு வரும். எழுவதற்கு நேரமாகிறது என்று ஒரு புகார் வரும், அவ்வளவுதான். பதில் சொல்ல ஆள் இருந்தால்தான் ஆபத்து. நெட்வொர்க்கிலிருந்து எழும் எந்த இயந்திரத்தையும் புது இயந்திரம் என்று எடுத்துக்கொண்டு, கேட்காமலேயே டிஸ்க்கைத் துடைத்து இயங்குதளத்தை நிறுவும்படி அமைத்த இடங்கள் உண்டு. புதுச் சர்வரைச் செருகினால் தானே தயாராகிவிடும் என்ற வசதிக்காகச் செய்தது. டிஸ்க் முதலில் என்ற அந்த ஒரே வரிசையை நம்பித்தான் அந்த வசதியே நிற்கிறது.

இதை ரிவியூவில் எழுதினேன். என் குறிப்பைப் படித்துவிட்டு அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார்.

“சார், டெஸ்ட் டீம் எல்லாக் கேஸும் பாஸ்னு போட்டிருக்காங்களே.”

“எப்படி டெஸ்ட் பண்ணாங்க?”

“புது இமேஜை ஃபிளாஷ் பண்ணி, மெனுவுல பேர் வருதா, அதிலேர்ந்து பூட் ஆகுதான்னு பார்த்தாங்க.”

“முழுசா அழிச்சுட்டு ஃபிளாஷ் பண்ணாங்களா, இல்ல வேரியபிள் இருக்கிற இடத்தை விட்டுட்டா?”

கொஞ்சம் யோசித்தார். “முழுசாத்தான் சார். நம்ம லேப்ல எப்பவும் அப்படித்தானே.”

எப்போதும் அப்படித்தான். லேபில் சிப்பில் கிளிப்பை மாட்டி மொத்தமும் அழித்து எழுதுவோம். பழைய குப்பை எதுவும் சோதனையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக. வாடிக்கையாளரின் சர்வர் நிறைய அந்தக் குப்பைதான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் நிரல் லேபில் பிறந்த குழந்தையைப் போல வெறும் ஃபிளாஷில்தான் ஓடிப் பார்க்கப்பட்டது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. சோதனை அணியைக் குறை சொல்லவும் இல்லை. குறிப்பில் ‘செயல்பாட்டில் மாற்றம் இல்லை’ என்று எழுதியிருந்தால் அவர்கள் வேறு எதைச் சோதிப்பார்கள்?

சொல்லி நம்பவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று இருவரும் எமுலேட்டரில் உட்கார்ந்தோம். க்யூஎமுவில் யு.இ.எஃப்.ஐ.யை ஓட்ட ஓ.வி.எம்.எஃப். என்ற ஃபர்ம்வேர் இருக்கிறது, அதுவும் ஈ.டி.கே. 2தான். அதில் நிரல் ஒரு கோப்பு, வேரியபிள்கள் தனிக் கோப்பு. இந்தப் பிரிவினை இப்படிப்பட்ட சோதனைக்கென்றே செய்ததுபோல வசதியானது. பழைய நிரலோடு இரண்டு டிஸ்க், ஒரு நெட்வொர்க் கார்டு வைத்து எழுப்பி, வரிசையைக் கையால் மாற்றி வைத்து, வேரியபிள் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டோம். அடுத்து புதிய நிரல், அதே வேரியபிள் கோப்பு. ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. க்யூஎமுவின் கட்டளையில் சாதனங்களுக்குப் பூட் எண் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஓ.வி.எம்.எஃப். அந்த எண்களை வாங்கி பூட்ஆர்டரைத் தானே திருத்தி எழுதிவிடும், நாம் தேடும் பிழை மறைந்துவிடும். கட்டளையை வேறொரு சோதனையிலிருந்து வெட்டி ஒட்டியவர்கள் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

இரண்டாம் முறை எழுந்ததும் அவர் திரையைப் பார்த்தார். நெட்வொர்க் முதலில். “பேரை மாத்தினதுக்கா சார்?” என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெயரை அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் நிரலுக்கு மட்டும் உரியதல்ல. 2012இல் லினக்ஸ் நிரலாளர் மேத்யூ காரெட் ஒரு மேசைக் கணினியின் ஃபர்ம்வேரைப் பற்றி எழுதியிருந்தார். பூட் பதிவின் பெயர் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்றோ ‘ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ்’ என்றோ இருந்தால்தான் அது எழும். ஃபெடோரா என்று இருந்தால் எழாது. பெயர் என்பது மனிதர் படிப்பதற்கென்று விவரக்குறிப்பில் இருக்கிறது. அதை யாரோ ஒருவர் எங்கோ ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்வார். வாடிக்கையாளர்களும் விதிவிலக்கல்ல. பட்டியலை எடுத்து ‘யு.இ.எஃப்.ஐ.’ என்று தொடங்கும் பெயர்களை வடிகட்டும் ஸ்கிரிப்டுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே என் இரண்டாவது குறிப்பு, ஸ்லாட் எண் முன்னால் வேண்டாம், பின்னால் வரட்டும் என்பது. திரையில் அழகு கொஞ்சம் குறையும். குறையட்டும்.

அடுத்த கேள்வி இதை எப்படிச் சரிசெய்வது. தைவானில் போர்டைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரும் அந்த ரிவியூவில் இருந்தார். ஒப்பிடும்போது பெயரை விட்டுவிடலாம், பாதை ஒத்திருந்தால் போதும் என்றார். ஒரே வரியை நீக்கினால் வேலை முடிந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘பாதை’ எல்லாச் சாதனத்துக்கும் ஒரே பொருள் தருவதில்லை. என்விஎம்இ பாதையில் டிஸ்க்குக்கே உரிய 64 பிட் அடையாள எண்ணுக்கு இடம் இருக்கிறது. அந்த எண் உள்ள டிஸ்க்கை மாற்றினால் பாதையும் மாறும். சாட்டா பாதையில் இருப்பதோ போர்ட் எண். அதில் எந்த டிஸ்க்கைச் செருகினாலும் பாதை அதேதான். இது புது டிஸ்க் என்று இப்போது காட்டிக்கொடுப்பது பெயருக்குள் இருக்கும் வரிசை எண் மட்டுமே.

பழுதான சாட்டா டிஸ்க்கை எடுத்துவிட்டு, கிடங்கிலிருந்து வந்த ஒரு டிஸ்க்கை அதே இடத்தில் செருகுகிறார்கள் என்று வையுங்கள். அதில் வேறொரு சர்வரின் பழைய இயங்குதளம் அழிக்காமல் இருக்கிறது. பெயரையும் ஒப்பிட்டால் அது புதிய ஆளாகக் கடைசியில் நிற்கும். பாதையை மட்டும் ஒப்பிட்டால் முதலிடத்தைச் சுவீகரித்து, பழைய இயங்குதளம் எழுந்துவிடும். எது சரி? ஸ்லாட்டுக்குத்தான் முதலிடம் கொடுத்தேன், டிஸ்க்குக்கு இல்லை என்று சொல்லும் நிர்வாகியும் உண்டு, நேர்மாறாகச் சொல்பவரும் உண்டு. அது தீராத வழக்கு. எனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, டிஸ்க்கின் பக்கம். ஆனால் பெயர் மாற்ற வந்த ஒரு மாற்றத்தின் ஓரத்தில் அந்தத் தீர்ப்பை எழுதக் கூடாது என்பதில் தைவான்காரரும் நானும் ஒத்துப்போனோம்.

முடிவில் அந்தப் பெண்ணே எழுதிய வழி இது. புதுப்பிக்கும் செயல்கூற்றை அழைப்பதற்கு முன்னால் ஒரு சிறிய இடமாற்றம். ஃபிளாஷில் உள்ள பதிவுகளில் எங்கள் முத்திரை உள்ளவற்றை மட்டும் எடுக்க வேண்டும். பாதை ஒத்திருந்து, பெயரும் அந்த டிஸ்க்கின் பழைய வகைப் பெயராகவே இருந்தால், அதே எண்ணில் புதுப்பெயரோடு திருப்பி எழுத வேண்டும். பூட்0003 பூட்0003ஆகவே இருக்கும், பூட்ஆர்டரைத் தொடவே வேண்டாம். பழைய வகைப் பெயரைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. ஈ.டி.கே. 2, போர்டுக்கென்று பெயர் சூட்டும் செயல்கூற்றைக் கூப்பிடும்போது தன் வழக்கமான பெயரையும் கையில் கொடுத்துத்தான் கூப்பிடும். அதைத் தூக்கிப்போடாமல் வைத்துக்கொண்டால் போதும்.

நடுவில் மின்சாரம் போனால் என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு பதிவும் தனி வேரியபிள். பாதி மாறியிருந்தால் அடுத்த முறை மீதி மாறும் என்றார். ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் எழுதித் தேய்க்குமா என்று கேட்டேன். மாறிய பிறகு பழைய பெயர் ஒத்துப்போகாது, எழுத ஒன்றும் இருக்காது என்றார். போதாததற்கு, அதே மதிப்பை மறுபடி எழுதச் சொன்னால் வேரியபிள் டிரைவர் ஃபிளாஷைத் தொடாமலேயே திரும்பிவிடும் என்பதையும் நிரலில் இடம்காட்டிச் சொன்னார். நான் கேட்காத பதில் அது. ரிவியூ என்ற வேலையில் எனக்குக் கிடைக்கும் சம்பளம் இந்த மாதிரித் தருணங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எழுதுதல் விஷயத்தில் நான் கெடுபிடியாக இருப்பதற்குக் காரணம் இன்னொரு மாற்றம். டிஸ்க்குகள் எப்போதும் நெட்வொர்க்குக்கு முன்னால் வர வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்க, பூட் பதிவுகளை வகைவாரியாக அடுக்கும் நிரல் ஒன்று வந்தது. அடுக்கும் வசதி ஈ.டி.கே. 2இலேயே இருக்கிறது, ஒப்பிடும் செயல்கூற்றை மட்டும் நாம் கொடுத்தால் போதும். உள்ளே ஓடுவது க்விக்சார்ட். சமமானவை இரண்டு வந்தால் அவற்றின் பழைய முன்பின்னைக் காப்பாற்றுவதாக க்விக்சார்ட் உறுதி தருவதில்லை. இரண்டு டிஸ்க்கும் ‘டிஸ்க்’ வகைதான் என்று ஒப்பீடு பூஜ்யத்தைத் திருப்பினால், அவற்றில் எது முன்னே என்று மனிதர் வைத்த முடிவு காற்றில் போகலாம். அதிலும் அந்த நிரல் ஒவ்வொரு முறை எழும்போதும் அடுக்கியது. நெட்வொர்க்கை முதலில் வைத்துப் பாருங்கள், அடுத்த முறை பழையபடி இறங்கிவிடும். பெரிய டேட்டா சென்டர்களில் எப்போதும் நெட்வொர்க்கிலிருந்தே எழுந்து, மையச் சர்வர் ‘போய் உன் டிஸ்க்கிலிருந்தே எழு’ என்று சொன்ன பிறகு டிஸ்க்குக்குப் போகும் ஏற்பாடு உண்டு. அவர்களுக்கு இந்த அடுக்கல் நேர் எதிரி. சமமானவற்றுக்குப் பழைய இடத்தை வைத்தே தீர்ப்பு, அடுக்குவது வேரியபிள் பகுதி வெறுமையாக இருக்கும் முதல்முறை மட்டும் என்று ஆன பிறகுதான் அது உள்ளே போனது.

ஸ்லாட் எண் மாற்றத்துக்கு வருவோம். அது மூன்று துண்டாகப் பிரிந்து உள்ளே சென்றது: இடமாற்றம் முதலில், பெயர் அடுத்து, பழைய வேரியபிள் கோப்போடு எழுப்பிப் பார்க்கும் தானியங்கிச் சோதனை கடைசியாக. ‘செயல்பாட்டில் மாற்றம் இல்லை’ என்ற வரி மூன்றிலும் இல்லை.

வெளியான பிறகு களத்திலிருந்து வந்த புகார் நாங்கள் பயந்தது எதுவும் இல்லை. திரையில் ஸ்லாட் 4 என்று இருக்கிறது, சேசிஸில் அச்சடித்திருப்பது 3 என்கிறது என்றார்கள். ஃபர்ம்வேர் 1இலிருந்து எண்ணுகிறது, தகட்டில் அச்சடித்தவர்கள் 0இலிருந்து எண்ணியிருக்கிறார்கள். தகட்டை மாற்றுவதைவிட நிரலை மாற்றுவது மலிவு. ஆனால் அதுவும் பெயர் மாற்றம்தானே. ஆகவே இடமாற்ற நிரலுக்கு இப்போது இரண்டு பழைய பெயர் வகைகள் தெரிய வேண்டியதாயிற்று: ஸ்லாட் எண்ணே இல்லாதது, ஒன்று கூடுதலாக எண்ணியது. முதல் பதிப்பிலிருந்து நடுவில் உள்ளதைத் தாண்டி நேரே மூன்றாவதுக்குத் தாவும் வாடிக்கையாளர்கள் இருப்பதால், எதையும் எடுக்க முடியாது.

அந்த இரண்டு பெயர் வகைகளும் இன்றும் ஓர் அட்டவணையில் இருக்கின்றன. அண்மையில் வேறோர் அணியிலிருந்து ஒரு மாற்றம் வந்தது: பயன்படாத பழைய நிரல் நீக்கம், செயல்பாட்டில் மாற்றம் இல்லை. நீக்கச் சொன்ன வரிகளில் அந்த அட்டவணையும் ஒன்று. எத்தனை சர்வர்கள் இன்னும் முதல் பதிப்பிலேயே ஓடுகின்றன என்று சேவைப் பிரிவைக் கேட்டு எழுதியிருக்கிறேன். ரிவியூவில் எனக்கு முன்பே குறிப்பு எழுதி அதை நிறுத்தி வைத்தவர், பழைய வேரியபிள் கோப்போடு எழுப்பிப் பார்த்தீர்களா என்று ஒரே வரியில் கேட்டிருந்தவர், அந்தப் பெண்தான்.